அளவெடுக்கப் போன வீடு

ஐம்பத்தெட்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பழைய வீட்டு மாடியில், ஒரே ஒரு அறையில், தையல் மிஷினோடு நான் தனியாகக் குடியிருந்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்று சொல்வோம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் அம்மை போட்டது. அம்மாவைக் கொண்டுபோனது. என்னை விட்டுவிட்டுப் போனது, ஆனால் முகம் முழுக்கத் தழும்பை வைத்துவிட்டுப் போனது. அப்பா இருந்தவரை எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் போன பிறகுதான், என்னைப் பழக்கப்பட்ட கண்ணால் பார்க்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை என்று புரிந்தது.

தனியாக இருப்பது எப்படி என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கீழ் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்காரும்போது தட்டு வைக்கிற சத்தம் மேலே கேட்கும். அந்தச் சத்தம் அடங்கின பிறகுதான் நான் சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் துணி கொண்டுவர மாட்டார்கள். திங்கட்கிழமை காலை பால்காரரிடம் பேச வாயைத் திறந்தால், என் குரல் எனக்கே யாருடையதோ போல இருக்கும். வெளியே போனால் முந்தானையை இழுத்து ஒரு பக்கக் கன்னத்தை மூடிக்கொள்வேன். முகத்தில் பவுடரை அப்பிக்கொள்வேன். சுவரோரமாகத்தான் நடப்பேன். எங்கள் ஊர்த் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும் என்பதால், யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம்.

அந்தச் சமயத்தில் ஊரில் எல்லோரும் இங்கிலீஷ் படிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை பிரெஞ்சு தெரிந்தால் போதும் என்றிருந்தது. திடீரென்று ஆபீஸ் காகிதமெல்லாம் இங்கிலீஷில் வர ஆரம்பித்துவிட்டது. கடலூரிலிருந்து வந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், ஒரு வீட்டு ஹாலில் மாலை வகுப்பு நடத்தினார். நரைத்த தலைக்காரர்கள்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து ஏ, பி, சி எழுதுவார்கள். எனக்கும் ஒரு ஆபீஸ் வேலை கிடைக்காதா என்ற ஆசையில் போய்ச் சேர்ந்தேன். அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கடைசிப் பெஞ்சில் உட்காருவேன்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் எழுத்தராக இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். வாத்தியார் சொல்வது எனக்குப் புரியாமல் விழித்தால், முன் பெஞ்சிலிருந்து லேசாகத் திரும்பி அதற்குப் பிரெஞ்சில் என்ன என்று மெதுவாகச் சொல்வார். அவ்வளவுதான் ஆரம்பம். இங்கிலீஷ் வராவிட்டால் வேலை போய்விடுமோ என்று அவருக்கும் பயம் இருந்தது. அந்தப் பயத்தை என்னிடம் மட்டும்தான் சொன்னார். ஒரு ஆண்பிள்ளை தன் பயத்தை நம்மிடம் சொன்னால் மனசு எப்படி இளகிப்போகும் என்று பெண்களுக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்ததும் அவர் முன்னால் நடப்பார். நான் பின்னால் கொஞ்சம் தள்ளி நடப்பேன். சில நாள் காலையில் ஆள் நடமாட்டம் வருவதற்கு முன்னால் பொத்தானிக் தோட்டத்தில் ஒரு மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். "நீ பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்பார். என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நான் பெரிய அன்பு என்று எடுத்துக்கொண்டேன். பேசும்போதெல்லாம் அவர் மரத்தையோ மண்ணையோதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு தடவை எனக்கு நல்ல காய்ச்சல். அவர் வரவில்லை. ரிக்‌ஷாக்காரரிடம் ரொட்டியும் மாத்திரையும் கொடுத்தனுப்பினார். அந்த ரொட்டியை நான் இரண்டு நாள் வைத்து வைத்துச் சாப்பிட்டேன். வந்து பார்த்தால் ஊர் பேசும், என் பெயர் கெட்டுவிடும் என்று எவ்வளவு யோசிக்கிறார் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், வீட்டில் சொல்கிறேன் என்றார். தங்கச்சி கல்யாணம் முடிந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தேறட்டும் என்றார். அம்மா தேறினார்கள். நான் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் இதுவும் போய்விடும் என்ற பயம். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஒருநாள் காலையில் ஒரு குதிரை வண்டிக்காரர் வந்து கீழே நின்று குரல் கொடுத்தார். ரெட்டியார்பாளையத்தில் இன்ன வீட்டு அம்மா, ரவிக்கை அளவெடுக்கக் கையோடு கூட்டிவரச் சொன்னார்கள் என்றார். வண்டிக்காரர் சொன்ன அந்த வீடு, நான் பழகிக்கொண்டிருந்தவருடைய வீடு. என் தையலைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லி அந்த அம்மா கூப்பிட்டிருந்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது என் மனசில் ஓடினது வேறு. சொல்லிவிட்டார்! அம்மா என்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்! நேராகப் பெண் பார்க்க வந்தால் நான் கூச்சப்படுவேன் என்று அளவெடுக்கிற சாக்கில் கூப்பிடுகிறார்கள்!

வண்டிக்காரரைக் காக்க வைத்துவிட்டு, என் அம்மாவின் பச்சைப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அம்மாவின் தோட்டைப் போட்டுக்கொண்டேன். பவுடரை இரண்டு தரம் போட்டேன். டேப்பையும் ஊசிப் பெட்டியையும்கூட ஒரு பேச்சுக்குத்தான் பையில் வைத்தேன். வண்டியில் போகும்போது, வணக்கம் அத்தை என்று சொல்வதா, வணக்கம் அம்மா என்று சொல்வதா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் அம்மா நல்ல மனுஷி. அதை இன்றைக்கும் சொல்வேன். வாசல் வரை வந்து, "வாம்மா, வெயில்ல வந்திருக்கே, உக்காரு" என்று காப்பி கொடுத்தார்கள். என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார்கள். பிறகு புடவையைப் பார்த்தார்கள். வேலைக்கு வந்தவள் எதற்குப் பட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் கேட்கவில்லை.

"என் மகனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேம்மா" என்றார்கள்.

நான் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன். காலில் விழுந்து கும்பிடுவதற்காக எழுந்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது. அந்த ஒரு நிமிஷம், என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"எங்க அண்ணன் பொண்ணுதான். துணி எடுக்க ஊர்லேருந்து வந்திருக்கா. அந்த ரூம்ல இருக்கா, அளவெடுத்துக்க" என்று அவர்கள் முடித்தார்கள்.

எழுந்து நின்றவள் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். அப்போதுதான் அவர் தோட்டத்துப் பக்கத்திலிருந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் துண்டு பிடித்த கை அப்படியே நின்றது. ஒரு நொடிதான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டார்.

"என்னம்மா, தையக்காரம்மா வந்துட்டாங்களா?"

"ஆமாங்க, வந்துட்டேன்" என்று நான்தான் பதில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அந்த வீட்டில் எனக்கு வேறு பெயர் இல்லை என்று ஆகிவிட்டது. இருக்கிற பெயரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியதோ என்னவோ.

டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்த பெண்ணுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பளிச்சென்ற முகம். முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தாள். எடு என்றேன். எடுக்க மாட்டேன் என்று நின்றாள். அளவெடுக்க வேண்டாமா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவள்மேல் எனக்கு அப்போது என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

"சிரிக்கக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுத்தாள்.

இடது தோள் நன்றாக இறங்கியிருந்தது. முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்து, அந்தத் தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்திக்கொண்டு நின்றது. பிறந்ததிலிருந்தே அப்படியாம்.

அவள் போட்டிருந்த ரவிக்கைக்குள் ஒரு பக்கம் பஞ்சும் பழந்துணியும் வைத்துத் தைத்திருந்தது. அதன் ஓரம் அழுத்தி அழுத்தித் தோல் சிவந்து, ஓரிடத்தில் புண்ணே ஆகியிருந்தது. கல்யாண ரவிக்கைக்கு இன்னும் கெட்டியாக வைத்துத் தைக்க முடியுமா என்று கேட்டாள். கல்யாணத்துக்கு மாமாவின் ஆபீஸ்காரர்கள் எல்லாம் வருவார்கள், வெளியே தெரியக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறாராம். மாமா என்று அவள் சொன்னது அவரைத்தான்.

நான் டேப்பைத் தோளில் வைத்தேன். அவளோ பயம் விட்டுப்போய்ப் பேச ஆரம்பித்துவிட்டாள். ஊரிலிருந்து வந்ததுமே கடற்கரை பார்க்கக் கூட்டிப் போனார்களாம்.

"மாமா முன்னாடி போயிக்கினே இருந்தாரு. நான் பின்னாடி. வேகமா போனா எனக்கு மூச்சு வாங்கும். கூட்டத்துல உட்டுட்டேன். அப்புறம் அத்தைதான் தேடிக்கினு வந்தாங்க" என்று சிரித்தாள்.

டேப் என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

இரண்டு வருஷமாக நான் ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகம்தான் குறை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் நடக்க நான் ஆசைப்படக் கூடாது. அவர் பின்னால் வர விடுவதே பெரிய விஷயம். இப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு புள்ளி இல்லை. சொந்த மாமன் மகள். ஊரறியக் கட்டிக்கொள்ளப் போகிறவள். அவளுக்கும் அதே நடைதான். அந்த மனுஷனுக்குப் பக்கத்தில் எவள் நின்றாலும் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நான் என் முகத்தைக் காரணமாகக் கொடுத்து வைத்திருந்தேன்.

குனிந்து டேப்பை எடுத்தேன். அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு அம்மை எப்பக்கா போட்டுச்சு?"

யாருமே என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்காத மாதிரி இருப்பார்கள். இவள் எந்த ஊர் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். சின்ன வயசில் என்றேன். அம்மா அதில்தான் போனார்கள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்ன நினைத்தாளோ, தன் முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பவுடரெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது.

ரவிக்கைத் துணியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறினேன். தெருமுனையில் அவர் சைக்கிளில் வந்து வண்டியை நிறுத்தினார். அம்மாவின் பிடிவாதம், தாய்மாமன் பேச்சைத் தட்ட முடியவில்லை, ஆனாலும் நம்முடைய பழக்கம் அப்படியே இருக்கலாம் என்றார். சொல்லிக்கொண்டே தெருவில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. "நீங்க போங்க. யாராவது பார்த்துடப் போறாங்க" என்று மட்டும் சொன்னேன். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவர் மேல் பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபமும் அழுகையும் வந்தன. பல நாள் அந்தத் துணி மேஜைமேல் மடித்தபடியே கிடந்தது. இங்கிலீஷ் வகுப்பை நிறுத்திவிட்டேன். பேச ஆள் இல்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது? கத்தரிக்கோலை எடுத்து, எல்லாவற்றையும் கண்டபடி வெட்டிப்போட்டுவிடலாமா என்று ஒரு நாள் தோன்றியது. எடுத்தும்விட்டேன். ஆனால் துணியை விரித்ததும் அந்தப் புண் கண்ணில் வந்து நின்றது. பஞ்சு வைக்க இடம் விடாமல், அந்தத் தோள் எப்படி இருந்ததோ அப்படிக்கே இடது பக்கத்தைத் தனியாக வெட்டினேன். வலது பக்கம் ஒரு அளவு, இடது பக்கம் ஒரு அளவு. அதற்கு முன்னால் நான் அப்படி வெட்டினதில்லை. பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

போட்டுப் பார்க்க அவள் என் அறைக்கு வந்தாள். அத்தை மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கூட்டிப் போவார்களாம். ரவிக்கையைப் போட்டுக்கொண்டு என் சின்னக் கண்ணாடியை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தாள்.

"தோள் தெரியுதே, அக்கா."

"தெரியும். பஞ்சு வைக்கலை."

கையைத் தூக்கினாள், இறக்கினாள். "வலிக்கலைக்கா!" என்றாள். அவள் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு சட்டென்று கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, மாமாவை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டாள். அன்றைக்கு அவர் குரல் கூடத்தில் கேட்டதையும், நான் பதில் சொன்ன விதத்தையும், உள்ளே வந்து நின்ற நிலையையும் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியும் என்றேன். எவ்வளவு தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ரவிக்கையின் ஊக்கைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நான் இன்னாக்கா பண்ணட்டும்?"

வேண்டாம், ஓடிப்போ என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது அவளுக்காகவா எனக்காகவா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அதனால் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன்.

"அடுத்த தடவை அவரு முன்னாடி போனா, நில்லுங்கன்னு சத்தமா கூப்பிடு. நாலு பேர் பாத்தாலும் பரவாயில்லை. நிக்கிறாரான்னு பாரு. நிக்கலைன்னா ஊருக்குப் போய் உங்க அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்லிடு."

"நீங்க கூப்ட்டுப் பாத்தீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

சில நாள் கழித்துத் தைத்த ரவிக்கையை வாங்கிப் போக அவளே வந்தாள். படி ஏறும்போதே மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். கடைத்தெருவில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே, "மாமா, நில்லுங்க! என்னால வேகமா வர முடியலை" என்று கத்தினாளாம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அவர் முகம் சுருங்கிப்போய்விட்டதாம்.

நின்றாராம். திரும்பி வந்து, ஏன் கத்துகிறாய் என்று திட்டினாராம். ஆனால் அதற்குப் பிறகு வீடு வரைக்கும் பக்கத்திலேயே மெதுவாக வந்தாராம்.

நான் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, மிச்ச நூலை வெட்டுகிற மாதிரி இருந்தேன். சந்தோஷம்தான். பொய் இல்லை. ஆனால் அந்த சந்தோஷத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது. கூப்பிட்டிருந்தால் எனக்காகவும் நின்றிருப்பாரோ? நின்றிருக்கவே மாட்டாரோ? எதுவானாலும் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்கும். அவர் என்னை மறைத்து வைத்தது பாதிதான். மீதியை நானே மறைத்துக் கொடுத்தேன். கூப்பிட எனக்கு உரிமை இல்லை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்.

கல்யாணத்துக்கு அவள் வந்து வந்து கூப்பிட்டாள். நான் போகவில்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்கு அப்போது இல்லை. அன்றைக்குப் பகல் முழுவதும் அறைக்குள் உட்கார்ந்திருக்க முடியாமல், சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. முகத்தைக் கழுவினதோடு சரி. முந்தானையால் கன்னத்தை மூடிக்கொள்ளவில்லை. ஜனங்கள் எதிரே வர வர, கை தானாக முந்தானைக்குப் போனது, இறக்கிக்கொண்டேன். கட்டைச் சுவரில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. குழந்தைகள் ஓடின. வயசான சொல்தா ஒருவர் மெடலைக் குத்திக்கொண்டு கைத்தடியோடு போனார். சுண்டல் விற்கிற அம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தங்கச்சி, கூடையைக் கொஞ்சம் பாத்துக்க, புடவையைச் சரி பண்ணிக்கிறேன்" என்று என் மடியிலேயே கூடையை வைத்துவிட்டாள். பார்க்க வேண்டியதுதானே, இத்தனை வருஷம் மூடி வைத்திருந்த முகத்தை யாராவது ஒருத்தராவது பார்க்கக் கூடாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் அந்தக் கோபத்தை நினைத்து நானே சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே கண்ணீரும் வந்தது. ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவர் கேட்டார், யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றேன். இன்னொருவரை எனக்குப் பிடித்தது, நானே போய்க் கேட்டேன், அவர் வேண்டாம் என்றார். வலித்தது. ஆனால் அடுத்த நாள் எழுந்து மிஷினில் உட்கார முடிந்தது. இன்றைக்கும் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன். தனிமை என்னை விட்டு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அது என் முகத்துக்கு யாரோ போட்ட தண்டனை என்று நினைப்பதை மட்டும் அந்தச் சாயங்காலத்தோடு விட்டுவிட்டேன்.